முப்பத்தேழு பேரின் ஒழுங்கைகள்

"சங்கத்தின் பூரண சம்மதத்துடன்" என்று கடிதத்தில் அடித்திருந்தார்கள். நிவேதனா அந்த வரியை மூன்று தரம் வாசித்தாள். எந்தச் சங்கம்? யாருடைய சம்மதம்? நடமாடும் மீன் வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர் அவள்தான். சம்மதம் கேட்டு ஒரு காக்கை குருவிகூட அவள் வீட்டு வாசற் படலைக்கு வரவில்லை.

மத்தியானம் பன்னிரண்டு மணி. காலை வியாபாரம் முடித்து, ஸ்கூட்டியில் மீன் கட்டிப் போகிற வெள்ளை றெஜிபோம் பெட்டியைக் கிணற்றடியில் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டுதான் கடிதத்தைப் பிரித்திருந்தாள். பிரதேச சபை அடுத்த வியாழக்கிழமை ஒரு உபவிதியை நிறைவேற்றப் போகிறதாம். நிறைவேறினால் சபை எல்லைக்குள் வீதியிலோ ஒழுங்கையிலோ வீட்டு வாசலிலோ யாரும் மீன் விற்கக்கூடாது. விற்றால் தண்டம், பெட்டி பறிமுதல். விற்றே தீருவேன் என்கிறவர்கள், மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிற புதுச் சந்தைக் கட்டடத்தில் விலை குறித்துக் கேள்விப்பத்திரம் போட்டுக் கடை எடுக்கட்டுமாம். அங்கே இருப்பது பன்னிரண்டு கடை. சங்கத்தில் இருப்பது முப்பத்தேழு பேர். மிச்ச இருபத்தைந்து பேரும் எங்கே போவது? அதைப் பற்றி உபவிதியில் ஒரு சொல் கிடையாது.

பன்னிரண்டில் ஒன்று கிடைத்தாலும் நிவேதனாவுக்குப் பிரயோசனம் இல்லை. அந்தச் சந்தைக்கு நாய்கூடப் போவதில்லை. விடிய ஐந்தரைக்குக் கரையில் ஏலத்தில் மீன் எடுத்து, பதினொரு ஒழுங்கை சுற்றி, படலை படலையாக நின்று விற்றால்தான் அவளுக்குச் சீவியம். கணவன் கஜானன் முதுகில் அடிபட்டதிலிருந்து கடலுக்குப் போவதில்லை. வீட்டிலிருந்து கிழிந்த வலை பொத்துகிறான். இரண்டு பிள்ளைகளின் படிப்பும், அடுப்பும், அவனுடைய மருந்தும் அந்தப் பதினொரு ஒழுங்கையில்தான் ஓடுகின்றன. ஒழுங்கை போனால் எல்லாம் போய்விடும்.

"சாப்பிட்டிட்டுப் போவன்" என்றான் கஜானன்.

"இறங்காது" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை உதைத்தாள்.

சபையில் அந்தக் கோப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் சிவகௌரி என்ற உத்தியோகத்தர். நல்ல மனுசி. முகத்தைச் சுளிக்காமல் கோப்பை எடுத்து விரித்துக் காட்டினார். "கலந்துரையாடலும் இணக்கப்பாடும்" என்று தலைப்பிட்ட மூன்று தாள். முதல் இரண்டில் உபவிதியின் சுருக்கம். மூன்றாவதில் பெயர்களும் கையெழுத்துகளும். எல்லாவற்றுக்கும் மேலே முதலாவதாக ஏரம்பு அண்ணையின் கையெழுத்து. அதன்மேல் ஊதா நிறத்தில் வட்டமாகச் சங்கத்தின் சீல்.

நிவேதனாவுக்குக் காது இரண்டும் சுட்டது. போட்டோப் பிரதி ஒன்று எடுத்துத் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டு நேரே ஏரம்பு அண்ணை வீட்டுக்கு விட்டாள்.

ஏரம்பு அண்ணை சங்கத்தின் தலைவர். இருபது வருடமாக அவர்தான். சங்கத்தின் சீல் இருக்கும் இடம் அலுவலகமோ அலுமாரியோ அல்ல, அவருடைய சேட்டுப் பை. கலியாண வீடோ செத்த வீடோ, சீல் கூடவே போகும். அமைச்சர் வந்தால் கோரிக்கை எழுதிய மகஜர், ஆளுநர் வந்தால் மகஜர், எம்பி வந்தால் மகஜரும் பொன்னாடையும். மகஜரைக் கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் தாளின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு கமராவைப் பார்ப்பார்கள். அடுத்த நாள் பேப்பரில் படம் வரும். அத்தோடு சரி. இருபது வருடத்தில் நாற்பத்தொரு மகஜர். பிரதிகள் எல்லாம் நிவேதனாவின் மேசை லாச்சியில் அடுக்கிக் கிடக்கின்றன. ஒன்றுக்காவது பதில் என்று ஒரு தபாலட்டை வந்ததா? மண்ணாங்கட்டி.

ஏரம்பு அண்ணை முற்றத்தில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். தாளை நீட்டினாள்.

"அண்ணை, இதை வாசிச்சுப்போட்டோ சீல் குத்தினனியள்?"

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பார்த்தார். "இது வரவுப் பதிவெல்லே, பிள்ளை. ஆர் ஆர் வந்தவை எண்டு எழுதிறது. தை மாதம் சபையிலை கூப்பிட்டவை. தேத்தண்ணியும் வடையும் தந்தவை. சபைத் தவிசாளர் என்னைப் பக்கத்திலை இருத்தி, முதல் கையெழுத்து உங்கடைதான் அண்ணை எண்டு பேனையையும் தந்தார். நான் மரியாதைக்கு வைச்சன்."

"முன் ரெண்டு தாளையும் பாத்தனியளே?"

"கண்ணாடி கொண்டு போகேல்லை." சொல்லிவிட்டு அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார்.

நிவேதனாவுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் முந்திக்கொண்டது. "நீங்கள் மரியாதைக்கு வைச்ச சீல், எங்கடை முப்பத்தேழு அடுப்பிலையும் தண்ணி ஊத்தப் போகுது அண்ணை."

"சரி, சரி. பதறாதை. நல்ல வசனமா ஒரு மகஜர் எழுது. நான் நேரை கொண்டுபோய்க் குடுக்கிறன்."

"நான் இனி மகஜர் எழுத மாட்டன்."

ஏரம்பு அண்ணை திரும்பிப் பார்த்தார். பதினொரு வருடத்தில் நிவேதனா அவரிடம் "மாட்டன்" என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

"அப்ப என்ன செய்யப் போறாய்?"

"வியாழக்கிழமை, உபவிதிக்கு முதல், ஆக்களின்ரை கருத்துக் கேக்கிறதெண்டு கடிதத்திலை போட்டிருக்கு. நாங்கள் போவம். எல்லாரும் போவம். அங்கை நீங்கள் எழும்பி, வாசிக்காமல் வைச்ச சீல் எண்டு சொல்லவேணும்."

"என்னை ஊருக்கு முன்னாலை விசரனாக்கப் பாக்கிறியோ?" என்றார் அவர். எழும்பி, முழங்காலைப் பிடித்துப் பிடித்து நடந்து உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வாசிகசாலையில் கூட்டம் வைத்தாள். வழக்கமாக வருடாந்தப் பொதுக் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தால் அதிசயம். அன்றைக்கு இருபத்தொன்பது பேர். தலைவர் வரவில்லை.

கடிதத்தை வாசித்து முடிக்குமுன்னமே சிமியோன் எழும்பிவிட்டான். நாற்பது வயது, இடி விழுந்தது மாதிரிக் குரல், யாருக்கும் அடங்காத ஆள். "தங்கச்சி, குறை நினைக்காதை. இந்தச் சங்கத்தாலை எங்களுக்கு என்ன பிரயோசனம்? வருசம் முடிய ஒரு கலண்டர். அதிலையும் ஏரம்பு அண்ணை பொன்னாடை போர்க்கிற படம். இப்ப என்னடா எண்டால், எங்களை வித்துப்போட்டும் வந்திருக்கிறார்!"

எல்லாரும் கைதட்டினார்கள். நிவேதனாவும் தட்டினாள். பிறகு சொன்னாள்:

"நீங்கள் சொல்லுறது அத்தனையும் சரி, சிமியோன் அண்ணை. இதுவரைக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. இனி இருக்கவேணும் எண்டால் எனக்கு ஒரு சாமான் வேணும். ஒவ்வொருத்தரும் போற ஒழுங்கை, நிக்கிற படலை, மீன் வாங்கிற வீடு. எல்லாம் எழுதித் தாங்கோ."

கைதட்டிய ஆட்கள் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

வெளியூர் ஆட்களுக்கு இது விளங்காது. இந்த முப்பத்தேழு பேரும் விடிய ஒரே கரையில், ஒரே ஏலத்தில், தோளோடு தோள் முட்டி மீன் எடுப்பார்கள். ஒருவன் பிளாஸ்கில் மற்றவன் தேத்தண்ணி குடிப்பான். ஆனால் எந்த ஒழுங்கைக்குப் போகிறான் என்பதைக் கூடப் பிறந்தவனுக்கும் சொல்லமாட்டான். சந்தியில் பிரியும்போது வேண்டுமென்றே பிழையான பக்கம் திரும்பி, ஆட்கள் மறைந்த பிறகு சுற்றி வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஒழுங்கை என்றால் சொத்து. சிமியோனே மாமனாரிடமிருந்து பெண்ணோடு சேர்த்து ஆறு ஒழுங்கையைச் சீதனமாக வாங்கியவன்தான்.

"உனக்கென்ன விசரே?" என்றான் சிமியோன். "இருக்கிறதையும் காட்டிக் குடுக்கச் சொல்லுறியோ?"

"உபவிதி வந்தாப் பிறகு, ஒளிச்சு வைச்ச ஒழுங்கையை என்ன செய்யப் போறியள்? சட்டியிலை போட்டுக் காய்ச்சிறதோ?"

யாரோ சிரித்தார்கள். நிவேதனா சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்துத் தன்னுடைய பதினொரு ஒழுங்கையையும் வாசிக்கத் தொடங்கினாள். முதலாவது, வைரவர் கோயில் பின் ஒழுங்கை, பதினான்கு வீடு. இரண்டாவது, தபாற் கந்தோர் ஒழுங்கை, ஒன்பது வீடு. எந்த வீட்டில் விளைமீன் விருப்பம், எந்த வீட்டில் செவ்வாய் வெள்ளி மரக்கறி, எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கிற ஆளுக்கு முள்ளில்லாத மீன் வெட்டிக் கொடுக்கவேண்டும், எல்லாம் வாசித்தாள். பதினொரு வருடத்துச் சொத்தை இருபத்தெட்டுப் போட்டிக்காரருக்கு முன்னால் பரப்பி வைத்தாள். நாளைக்கே எவனாவது அரை மணித்தியாலம் முந்திப் போனால் அவள் கதை முடிந்தது. தெரிந்துதான் வாசித்தாள்.

கடைசியில் சொன்னாள்: "நூற்று இருபத்தாறு வீடு. தவிசாளருக்கு நாங்கள் முப்பத்தேழு பெட்டி. அவ்வளவுதான். எங்களுக்குப் பின்னாலை எத்தினை சட்டி கொதிக்குது எண்டு அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தெரியாத வரைக்கும் எங்களை ஊதிவிடலாம்."

சங்கத்தில் இளையவனான றமேஸ்தான் முதலில் எழும்பினான். "எழுதுங்கோ அக்கா. மில் ஒழுங்கை, இருபத்திரண்டு வீடு."

"எந்த மில் ஒழுங்கை?" என்று பாய்ந்தான் சிமியோன். "அது என்ரை!"

பார்த்தால், இரண்டு பேரும் நாலு வருடமாக அதே ஒழுங்கைக்குத்தான் போகிறார்கள். றமேஸ் ஏழு மணிக்கு, சிமியோன் ஒன்பதுக்கு. அந்த ஒழுங்கைப் பெண்கள் றமேசிடம் "இண்டைக்கு வேண்டாம் தம்பி" என்று சொல்லி, சிமியோனிடம் விலை கேட்டு, அடுத்த நாள் அந்த விலையை றமேசின் தலையில் கட்டியிருக்கிறார்கள். சிமியோன் சட்டைக் கையைச் சுருட்டினான். றமேஸ் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு சிமியோனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எங்களை நல்லா வைச்சு மேய்ச்சிருக்கிறாளவை, என்ன!" என்றான். அதற்குப் பிறகு வாசிகசாலையே வெடித்துச் சிரித்தது. ஒவ்வொருவராக வந்து மேசையில் குனிந்து எழுதினார்கள். சிமியோன் கடைசியாக வந்தான். மாமனாரின் ஆறு ஒழுங்கையையும் கையால் மறைத்துக்கொண்டுதான் எழுதினான். ஆனாலும் எழுதினான்.

வராத எட்டுப் பேரில் ஏழு பேரை அடுத்த இரண்டு நாளும் விடியப்புறமே கரையில் மறித்துப் பிடித்தாள். எட்டாவது ஆள் ஏரம்பு அண்ணை. அவரிடம் எழுத ஒழுங்கை இல்லை என்பது, ஏலம் கூறுகிறவர் காதோடு சொல்லி, அப்போதுதான் அவளுக்குத் தெரியவந்தது. முழங்கால் வலியால் இரண்டு வருடமாக அவர் சைக்கிள் ஏறவில்லை. சங்கத்தில் யாருக்கும் சொல்லவில்லை. விடியக் கரைக்கு வந்து, ஏலத்தில் நின்று, எல்லாரும் போன பிறகு வெறுங்கையோடு வீட்டுக்குப் போயிருக்கிறார். அதை நினைக்க அவளுக்கு மனம் பொறுக்கவில்லை. ஆனாலும் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. போனால் இளகிவிடுவேன் என்று பயந்தாள்.

எல்லாம் கூட்டிப் பார்த்தபோது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது வீடு. நிவேதனாவே எதிர்பார்க்கவில்லை. அதைச் சும்மா ஒரு மொத்தமாகக் கொண்டுபோய் நீட்ட அவளுக்கு விருப்பமில்லை. சபையில் இருபத்திரண்டு உறுப்பினர்கள். ஆளுக்கொரு தாள் தயாரித்தாள். அவரவர் வட்டாரத்தில் எத்தனை வீட்டுப் படலையில் மீன் போகிறது, அதில் எத்தனை வீட்டில் நடமாட முடியாத ஆட்கள், சந்தை எத்தனை கிலோமீற்றர். அலங்கார வசனம் ஒன்றும் இல்லாமல் நேரடியான கணக்கு. பக்கத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகக் கம்பசுக்கு முன்னால் இருக்கிற பிரதிக் கடையில் அடித்து எடுத்தாள்.

இன்னொரு தாளும் இருந்தது. அதற்குத்தான் சங்கத்துக்குள் பெரிய சண்டை. சந்தியில் மீன் வெட்டிக் குடலைக் கழிவுநீர்க் கானுக்குள் போடுகிறார்கள் என்பது சபையின் குற்றச்சாட்டு. பொய்யென்று சொல்லலாமா? சொல்ல முடியாது. மூன்று நாலு பேர் போடுகிறவர்கள்தான். "அதையும் ஒத்துக்கொள்ளுவம்" என்றாள் நிவேதனா. "ஒவ்வொரு பெட்டிக்கும் இலக்கம். வாளி இல்லாமல் ஆரும் மீன் வெட்டக்கூடாது. மீறினால் சங்கமே ஒரு கிழமை நிப்பாட்டி வைக்கும். உபவிதியிலை என்ன எழுதவேணும் எண்டதை நாங்களே எழுதிக் குடுப்பம்." இரண்டு மணித்தியாலம் கத்திக் குளறித்தான் ஒத்துக்கொண்டார்கள். போட்டவர்களில் ஒருவன் சிமியோன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விசேட அமர்வு. மீன்காரன் வரமுடியாத நேரம் பார்த்து வைத்தார்களோ என்னவோ. முப்பத்தைந்து பேர் வந்திருந்தார்கள். ஸ்கூட்டியும் மோட்டார்ச் சைக்கிளும் சைக்கிளுமாக, வெறும் பெட்டிகளோடு சபை வாசலை நிறைத்துவிட்டார்கள். அன்றைக்கு எந்த ஒழுங்கைக்கும் மீன் போகவில்லை.

தவிசாளர் சிரித்த முகத்தோடுதான் தொடங்கினார். சுகாதாரம், நகர அழகு, நவீன சந்தை என்று நீட்டினார். நிவேதனாவுக்கு ஐந்து நிமிடம் தந்தார். அவள் எழும்பி, "நான் கதைக்கிறதுக்கு முதல் உறுப்பினர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு தாள் தரவேணும், ஐயா" என்று சொல்லி, அனுமதிக்குக் காத்திராமல் மேசை மேசையாகக் கொண்டுபோய் வைத்தாள்.

வாசிக்கிறார்களா என்று பார்த்தாள். மகஜர் என்றால் வாங்கி மடித்து வைத்திருப்பார்கள். இது தங்களுடைய வட்டாரம். தங்களுக்கு வாக்குப் போட்ட வீடுகள். குனிந்த தலை ஒன்றும் நிமிரவில்லை. அந்த நேரம் அருள்நேசன் என்ற உறுப்பினரின் கைத்தொலைபேசி அலறியது. ஓய்வு பெற்ற மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் அவர். மனைவியிடம் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "என்ன ஹன்னா? மீன் வரேல்லையோ? நான் பேந்து கதைக்கிறன்" என்றார். சபை முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் சிரிப்பைப் பொத்த முடியாமல் ஒருவன் வெளியே ஓடினான்.

தவிசாளரின் முகம் மாறிவிட்டது. கோப்பைத் திறந்து அந்த மூன்றாவது தாளைத் தூக்கிப் பிடித்தார். "இவ்வளவு கதைக்கிறியள். உங்கடை சங்கத் தலைவர் கையெழுத்து வைச்சுச் சீலும் குத்தித் தந்திருக்கிறார். சம்மதம் தந்திட்டு இப்ப மாறினால் என்ன ஞாயம்? உங்கடை சங்கத்தை ஆர் இனி நம்புறது?"

"அது வரவுப் பதிவெண்டு சொல்லி வாங்கினது, ஐயா."

"நீர் சொல்லுறீர். அவர் சொல்லட்டுமே. உங்கை இருக்கிறார்தானே?"

நிவேதனா திரும்பினாள். கடைசி வரிசையில், தூணோடு ஒட்டி, ஏரம்பு அண்ணை இருந்தார். எப்போது வந்தார் என்றே அவளுக்குத் தெரியாது. அன்றைக்குக் கதவைச் சாத்தியதிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை கதைக்காத மனுசன். முகம் இருண்டு கிடந்தது. அவர் வாயைத் திறக்காவிட்டால் எல்லாம் முடிந்தது.

தவிசாளர் குரலை இறக்கி அன்பாகக் கேட்டார். "ஏரம்பு அண்ணை, நீங்கள் இப்ப வியாபாரத்துக்குப் போறதில்லையெண்டு தை மாதம் என்னட்டைச் சொன்னனியள்தானே? உங்களுக்கு இதிலை ஒரு நட்டமும் இல்லை. உள்ளதைச் சொல்லுங்கோ."

இரண்டு வருடமாக மூடி வைத்ததைச் சபைக்கு நடுவில் போட்டு உடைத்துவிட்டார். முப்பத்தைந்து தலை திரும்பியது. ஏரம்பு அண்ணை தூணைப் பிடித்து எழும்பினார்.

"ஓம். எனக்கு நட்டமில்லை. ரெண்டு வருசமா நான் ஒரு மீன் விக்கேல்லை. அதாலை பொய் சொல்லவும் தேவையில்லை." செருமிக்கொண்டார். "நான் அந்தத் தாளை வாசிக்கேல்லை. கண்ணாடி இல்லாமல், வடையைத் திண்டுகொண்டு, நீங்கள் பக்கத்திலை இருத்தின சந்தோசப் புழுகத்திலை சீலைக் குத்தினனான். அது என்ரை பிழை. அந்தப் பிழையை இவளின்ரை தலையிலை கட்ட விடமாட்டன். சம்மதம் இல்லை. எழுதுங்கோ. சங்கத் தலைவர் ஏரம்பு, சம்மதம் இல்லை."

யாரும் கைதட்டவில்லை. நிவேதனா அழுதாள். மறைக்கவும் இல்லை. கண்ணைத் துடைக்காமலே தன் மிச்ச மூன்று நிமிடத்தையும் பேசி முடித்தாள். வாளியைப் பற்றிப் பேசினாள், பெட்டி இலக்கத்தைப் பற்றிப் பேசினாள், தாங்கள் எழுதிய விதிகளை ஒவ்வொன்றாக வாசித்தாள்.

அருள்நேசன்தான் பிரேரித்தார்: வரைபைத் திருப்பி எடுத்து, சங்கத்தின் மூன்று பேரையும் சேர்த்து ஒரு குழு அமைத்து, புதிதாக எழுதவேண்டும். ஆதரவு பதின்மூன்று, எதிர் எட்டு. தவிசாளர் வாக்களிக்கவில்லை.

வாசலில் ஒரே ஆரவாரம். யாரோ றமேசைத் தூக்கிச் சுழற்றினார்கள், ஏன் றமேசை என்று யாருக்கும் தெரியாது. ஏரம்பு அண்ணையைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். நிவேதனா ஸ்கூட்டியடிக்குப் போகும்போது தவிசாளர் படியிறங்கி வந்தார்.

"கெட்டிக்காரப் பிள்ளைதான். ஆனா முடிஞ்சுதெண்டு நினைக்காதையும். உது அடுத்த மாதமும் வரும், அதுக்கு அடுத்த மாதமும் வரும். ஒரு நாள் உழைப்பை விட்டிட்டு வந்திட்டினம், சரி. எத்தினை தரம் வருவினம்? உங்கடை ஆக்களை எனக்குத் தெரியாதே?"

அவளுக்குச் சுருக்கென்றது. பொய்யில்லையே. ஒன்பது பேர் வருகிற பொதுக் கூட்டங்களில் கதிரை அடுக்கியவள் அவள். மழை பெய்தால், மீன் அள்ளிப்பட்டால், ஒருவருக்கும் சங்கம் ஞாபகம் வராது.

"எத்தினை பேர் வருவினம் எண்டு எனக்குத் தெரியாது, ஐயா" என்றாள். "நான் வருவன்."

பின்னால் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த சிமியோன் நிமிர்ந்தான்.

"ஐயா, அடுத்த கூட்டம் எண்டைக்கு?"

தவிசாளர் காதில் விழாதது போல வாகனத்தை நோக்கி நடந்தார். சிமியோன் தலைக்கவசத்தைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்துவிட்டு இன்னும் உரக்கக் கேட்டான். றமேஸ் கேட்டான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன் கேட்டான். பிறகு வாசலில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். சத்தம் வீதிவரை போனது. வாகனக் கதவில் கை வைத்தபடி தவிசாளர் நின்றார்.

"பதினாலாந் திகதி" என்றார் கடைசியில். "பத்து மணிக்கு."

"ஒன்பதரைக்கு இஞ்சை நிப்பம்" என்றான் சிமியோன்.